அடியில் ஓடும் சாலையா, விளிம்பில் ஓடும் சாலையா? பிரான்சின் நான்கு மலையிடுக்குகளில் சைக்கிளுக்கு எது

குளிர்காலம் முடியும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன் அண்ணா. வெர்தோன், அர்தேஷ், தார்ன், வெர்கோர், நாலில் எது?" இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பாரிஸ், ஒருவர் ஜெர்மனி, இன்னொருவர் சென்னையிலிருந்து கோடைக்கு வருகிறவர். மூவருமே படங்களும் அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கீழே பச்சையாக ஆறு, ஓரமாக ஒரு சாலை. படத்தில் நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஏறி ஒரு மணி நேரம் மிதித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று தெரிந்துவிடும்.

நாலு இடத்துக்கும் போயிருக்கிறேன், இரண்டுக்கு ஒருமுறைக்கு மேல். நான் பந்தயக்காரன் இல்லை. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்று ஏற எளிதான கியர், 28 மில்லிமீட்டர் டயர், ஐம்பதைத் தொடப்போகிற முழங்கால். என் கருத்துகளை அந்தக் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

## முதலில் எதைக் கேட்க வேண்டும்

எல்லோரும் கேட்பது "எத்தனை மீட்டர் ஏற்றம்?" நான் முதலில் கேட்பது வேறு: சாலை மலையிடுக்கின் எந்த இடத்தில் ஓடுகிறது?

ஆற்றை ஒட்டி அடியில் ஓடினால் ஏற்றம் மென்மையாக இருக்கும். அரை மணிக்கொரு கிராமம் வரும், குழாய் இருக்கும், காலையிலும் மாலையிலும் நிழல் இருக்கும். பதிலுக்கு, கழுத்தை நிமிர்த்திப் பாறையைப் பார்க்க வேண்டும். வசந்தத்தில் பத்து மணி வரை வெயில் உள்ளே இறங்காது, விரல் விறைக்கும். விளிம்பில் ஓடினால் காட்சி முழுக்க உங்களுடையது. ஆனால் ஆற்றில் வந்து சேரும் ஒவ்வொரு சின்ன ஓடைக்கும் சாலை இறங்கி ஏறும். தண்ணீர் கிடையாது, மரம் குறைவு, காற்று நேராக முகத்தில் அடிக்கும். மூன்றாவது வகை, பாறைச் சுவரின் நடுவிலேயே குடைந்து போட்ட சாலை. அதில் இரண்டு சுகமும் உண்டு. கூடவே பாறை விழுந்து சாலை மூடப்படும் தொல்லையும் உண்டு.

அப்புறம்தான் மற்றவை. அந்தச் சாலையை யாருடன் பங்கிட்டுக்கொள்கிறோம்? சைக்கிளோடு ரயிலில் எவ்வளவு தூரம் போக முடியும்? சாலை மூடியிருந்தால் வேறு வழி இருக்கிறதா? தண்ணீர், சோறு, படுக்கை எப்படி? கால்பலம் கடைசி. குறைந்த கியர் போட்டு மெதுவாக ஏறிவிடலாம். கேம்பர் வேன் வரிசையை எந்தக் கியரும் குறைக்காது.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| | அர்தேஷ் | தார்ன், ஜோந்த் | வெர்தோன் | வெர்கோர் |
|---|---|---|---|---|
| சாலை ஓடும் இடம் | விளிம்பு | ஆற்றோரம் | விளிம்பு, இரு பக்கமும் | பாறைச் சுவர் |
| ஏற்றம் | ஒரு பெரியது, பிறகு அலை அலையாக | ஆற்றோரம் ஏறக்குறைய சமம், பீடபூமிக்கு ஏறினால் செங்குத்து | நீளம், வெயிலில் | நீளம், சீரானது |
| ஜூலை, ஆகஸ்ட் நெரிசல் | மிக அதிகம் | ஓரளவு | மிக அதிகம் | குறைவு |
| நெருங்கிய ரயில் | போன்-சேன்-எஸ்ப்ரி | மியோ | மனோஸ்க், சுமார் 50 கி.மீ. தள்ளி | சேன்-இலேர் |
| தண்ணீர் | இரு முனையிலும் மட்டும் | கீழே தாராளம், மேலே இல்லை | லா பலூவில், பிறகு நீண்ட இடைவெளி | கிராமத்துக்குக் கிராமம் |
| எனக்குப் பிடித்த மாதம் | ஏப்ரல், மே | மே, ஜூன், செப்டம்பர் | மே, செப்டம்பர் கடைசி | ஜூன் முதல் செப்டம்பர் |

## அர்தேஷ்: காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும் அழகு

வலோன்-போன்-தார்க் ஊரிலிருந்து சேன்-மர்த்தேன் வரை போகும் டி 290 சாலைதான் படங்களில் வருவது. சுமார் 35 கி.மீ. தொடக்கத்திலேயே சாலையோரமாகப் போன்-தார்க் வந்துவிடும். ஆறு தானே குடைந்துகொண்ட கல் வளைவு, ஐம்பது மீட்டருக்கு மேல் உயரம். அதைத் தாண்டியதும் சாலை ஆற்றை விட்டுவிட்டு சேர்-த-தூர் காட்சிமேடைக்கு ஏறுகிறது. இருநூறு மீட்டர் உயர்வு, காலை மூச்சுக்குக் கொஞ்சம் கனம்தான். அதன் பிறகு கடைசி வரை விளிம்பில் அலை அலையாக ஏற்ற இறக்கம், வளைவுக்கு வளைவு காட்சிமேடைகள். ஆறு எங்கோ கீழே ஒரு பச்சைக் கயிறு போலச் சுருண்டு கிடக்கும்.

சாலை நன்றாக இருக்கிறது, பார்வை பிரமாதம். சிக்கல் போக்குவரத்தில். இந்த ஆற்றில் 32 கி.மீ. கனோ படகில் இறங்குவது பிரான்சின் பெரிய கோடைகால வழக்கங்களில் ஒன்று. இறங்கினவர்களையும் படகுகளையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும் வேன்களுக்கு இருப்பதும் இதே சாலைதான். பின்னால் இழுவை வண்டியில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் படகுகளோடு ஒரு வேன் வளைவில் உங்களைத் தாண்டும்போது, வேன் போன பிறகும் இழுவை வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பெரும்பாலும் விடுகிறார்கள். ஆனால் இழுவை வண்டியின் வால் எங்கே முடிகிறது என்று எல்லா ஓட்டுநரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆகவே ஜூலையில் போனால் ஆறரை மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் சேன்-மர்த்தேனில் காபி குடித்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வரும்போது டி 290-ஐத் தொடாமல் பிதோன், சேன்-ரெமேஸ் கிராமங்கள் வழியாகப் பீடபூமியில் வாருங்கள். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் தண்ணீர்க் குப்பியை "பிதோன்" என்றுதான் சொல்வார்கள். அதே பெயரில் ஒரு ஊர், அதுவும் தண்ணீர் வறண்ட சுண்ணாம்பு மேட்டில். ஊர்ப் பலகைக்கு முன்னால் குப்பியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காத சைக்கிள்காரர் இருக்க முடியாது. நானும் எடுத்தேன்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, ரயில். அர்தேஷ் மாவட்டத்துக்குள் பயணிகள் ரயில் 1973-இலேயே நின்றுபோனது. 2022-இல் ரோன் ஆற்றின் வலக்கரைப் பாதையில் போன்-சேன்-எஸ்ப்ரி வரை திரும்ப ஓட ஆரம்பித்தது. அது பக்கத்து மாவட்டம் என்றாலும் சேன்-மர்த்தேனுக்கு அங்கிருந்து பத்து கி.மீ. அளவுதான். இன்னொன்று, உச்சக் கோடையில் வாடகை வீடுகளைச் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றே பல இடங்களில் கொடுக்கிறார்கள். மூன்று இரவு மட்டும் வேண்டும் என்றால் கூடாரம்தான்.

வீட்டில் சைக்கிள் பிடிக்காதவர்கள் உடன் வந்தால் அர்தேஷ்தான் சரி. நீங்கள் காலையில் மிதித்துவிட்டு வருவதற்குள் அவர்கள் எழுந்திருப்பார்கள். பகலில் படகு, அல்லது ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள ஷோவே குகையின் மறுஉருவம். அசல் குகை 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது, உள்ளே பொதுமக்களை விடுவதில்லை. 2015-இல் திறந்த நகலைத்தான் பார்க்கலாம், அதுவே போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கிறது.

ஒரு குறிப்பு: "அர்தேஷ்வாஸ்" என்ற பெரிய சைக்கிள் திருவிழாவைக் கேள்விப்பட்டு இங்கே வர நினைப்பவர்கள் கவனிக்கவும். அது ஜூனில் நடப்பது மாவட்டத்தின் வடக்கே சேன்-பெலிசியேன் ஊரில். மலையிடுக்கிலிருந்து வெகு தூரம்.

## தார்னும் ஜோந்தும்: நான் திரும்பத் திரும்பப் போவது

இங்கேதான் சாலை அடியில் ஓடுகிறது. லெ ரோஸியே என்ற சின்ன ஊரில் ஜோந்த் ஆறு தார்னில் கலக்கிறது. அங்கிருந்து தார்னை எதிர்த்து, லே வீஞ், லா மலேன் வழியாக சேன்த்-எனிமி வரை சுமார் 36 கி.மீ. அவ்வளவு தூரத்துக்கும் இரு ஊர்களுக்கும் உயர வித்தியாசம் சுமார் நூறு மீட்டர்தான். சாலை வலக்கரையில் போவதால், நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது ஆறு உங்கள் வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாறையில் குடைந்த குட்டிச் சுரங்கங்கள், எதிர்க்கரையில் பாறையோடு ஒட்டிக்கொண்ட வீடுகள், நடுவில் எங்காவது ஒரு வாத்துக் குடும்பம். இருபதுக்கு மேல் வேகம் போக மனமே வராது.

ஆனால் தார்ன் எளிது என்று சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஆற்றோரத்தை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். லா மலேனில் பாலத்தைத் தாண்டி மெஜான் பீடபூமிக்கு ஏறும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல இருக்கும். நாலு வளைவு ஏறிவிட்டுக் கீழே பார்த்தால் ஊர்க் கூரைகள் கால் செருப்புக்கடியில் கிடக்கும். அந்த நாலு கி.மீ.யில் என்னைவிட வேகமாக ஏறிய ஒரே ஜீவன் ஒரு பல்லி.

மேலே போனதும் உலகமே மாறிவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் மரமில்லாத புல்வெளி, கல் வேலிகள், செம்மறியாடுகள். இது லோசேர் மாவட்டம். பிரான்சிலேயே மக்கள் மிகக் குறைந்தது, மொத்தமே எண்பதாயிரம் பேர்கூட இல்லை. காருக்காகக் காது கொடுத்துக் கேட்டால் உங்கள் செயின் சத்தம்தான் கேட்கும்.

அங்கேதான் ஒரு ஜூன் மதியம் நான் படித்த பாடம். சுண்ணாம்பு மேட்டில் மழைநீர் நிற்காது, அப்படியே பூமிக்குள் போய்விடும். அதனால்தான் கீழே ஆறும் குகையும், மேலே வறட்சியும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரே குப்பியோடு ஏறினேன். பன்னிரண்டு கி.மீ. தாண்டுவதற்குள் குப்பி காலி. வளைவில் தண்ணீர் பளபளத்தது. கிட்டே போனால், கல் பாவிய வட்டமான ஆழமில்லாத குட்டை. ஆடுகளுக்கு மழைநீர் சேர்க்க இந்த ஊர்க்காரர்கள் கட்டுவது, "லவோஞ்" என்பார்கள். முப்பது ஆடுகள் வரிசையாக நின்று குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, வாயிலிருந்து பச்சை நீர் சொட்டியது. "உனக்குமா?" என்று கேட்ட மாதிரி இருந்தது. குடிக்கவில்லை. அடுத்த பண்ணை வீட்டில் ஒரு பாட்டி இரண்டு குப்பி அளவுக்குக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு ஒன்றை அங்கேயே குடித்து முடித்தேன்.

எனக்குப் பிடித்த சுற்று இதுதான்: லெ ரோஸியே, சேன்த்-எனிமி, அங்கிருந்து கோப்பர்லாக் கணவாய் வழியாக மெஜான் பீடபூமியைக் குறுக்கே தாண்டி மெய்ருவேஸ், பிறகு ஜோந்த் ஆற்றோரம் 21 கி.மீ. இறக்கமாகத் திரும்ப லெ ரோஸியே. மொத்தம் 85 கி.மீ. அடியும் மேடும் ஒரே நாளில் கிடைத்துவிடும். ஜோந்த் பகுதியில் அவசரப்படாதீர்கள். அங்கே பாறை முகட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். இந்தப் பகுதியில் அழிந்துபோயிருந்த இனம், 1981 முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மதியம் வெப்பக்காற்று எழும்பும்போது சாலைக்கு மிக அருகில் சறுக்கிக்கொண்டு போகும், இறக்கைச் சத்தம் கேட்கும். களைத்துப்போய் மெதுவாக மிதிக்கும்போது அவை நம்மைக் கொஞ்சம் அக்கறையோடு பார்க்கிற மாதிரித் தோன்றும்.

மறைவான செலவு: போய்ச் சேரும் நேரம். மியோ வரை ரயில் உண்டு, ஆனால் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, பாரிஸிலிருந்து ஏறக்குறைய முழு நாள் போய்விடும். மியோவிலிருந்து லெ ரோஸியேவுக்கு இருபது கி.மீ. சைக்கிளிலேயே போகலாம். பிரபலமான மியோ பாலம் ஊருக்கு மறுபக்கம் இருக்கிறது. 2004-இல் திறந்தது, உச்சி 343 மீட்டர். மேலே மோட்டார்வே என்பதால் சைக்கிளுக்கு அனுமதியில்லை, அடியில் போய் அண்ணாந்து பார்க்கலாம். இன்னொரு எச்சரிக்கை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் செவேன் மலைகளில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை. மத்தியதரைக் கடலின் சூடான ஈரக்காற்று மலையில் மோதி உண்டாவது. வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு நிறம் காட்டினால் ஆற்றோரச் சாலைக்குப் போகவே வேண்டாம்.

## வெர்தோன்: பெரியதுதான், ஆனால்

நாலில் ஆழமானது இது, சில இடங்களில் 700 மீட்டர். முதல்முறை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. அந்த அனுபவத்துக்கு மாற்று இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூஸ்தியே ஊரிலிருந்து முழுச் சுற்று நூறு கி.மீ.க்கு மேல், ஏற்றம் ஏறக்குறைய 2,000 மீட்டர். அதைக் கடிகார முள் ஓடும் திசையில் போங்கள். காரணம் உண்டு: பிரான்சில் வலப்பக்கமாக ஓட்டுகிறோம். இந்தத் திசையில் வடக்கு விளிம்பிலும் தெற்கு விளிம்பிலும் பள்ளம் உங்கள் வலப்பக்கமே இருக்கும். எதிர்வண்டி குறுக்கே வராமல் காட்சி முழுதாகக் கிடைக்கும். உயரம் என்றால் கைகால் நடுங்குகிறவர்கள் எதிர்த்திசையில் பாறையை ஒட்டிப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது: மேற்கே ஏரிக்கரைப் பாலத்தை விட்டால், கிழக்கே மலையிடுக்கு முடியும் வரை ஆற்றைக் கடக்க வண்டிச்சாலைப் பாலம் கிடையாது. தெற்கு விளிம்பில் வரும் அழகான அர்த்துபி பாலம் துணையாற்றின் மேல் இருப்பது, அது உங்களை அக்கரை சேர்க்காது. பாதி வழியில் முழங்கால் வலித்தாலும் சரி, இடி இடித்தாலும் சரி, குறுக்கு வழி இல்லை. போன வழியே திரும்ப வேண்டும், அல்லது முழுசாகச் சுற்ற வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

முழுச் சுற்று வேண்டாம் என்றால் லா பலூ கிராமத்தில் தங்கி ரூத்-தே-க்ரேத் என்கிற முகட்டுச் சாலையை மட்டும் சுற்றுங்கள். 23 கி.மீ. தான், கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலான உயரம் வரை ஏறி இறங்குகிறது. ஒரு பகுதி ஒற்றைவழிச் சாலை, ஆகவே லா பலூவுக்குக் கிழக்கே இருக்கும் முனையிலிருந்து தொடங்க வேண்டும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். என் கணக்கில் வெர்தோனின் முக்கால்வாசிச் சாரம் இந்த 23 கி.மீ.யில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் காட்சிமேடையில் நீங்களும் மலையாடுகளும்தான். பதினொரு மணிக்குப் போனால் கார் நிறுத்த இடம் தேடுகிறவர்களின் கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஞாயிறு என்றால் மோட்டார் சைக்கிள் கூட்டம் வேறு, சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி இரண்டு மடங்காகும்.

மனோஸ்க் ரயில் நிலையத்திலிருந்து மூஸ்தியே வர ஐம்பது கி.மீ. மிதிக்க வேண்டும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் அது தண்டனையாகத் தெரியாது. நடுவே வலான்சோல் மேட்டில் லாவெண்டர் பூத்திருக்கும். அந்தப் பூவுக்காகவே ஊரே வந்திருக்கும் என்பதும் உண்மை.

மே மாதம் வாய்த்தால் வெர்தோன் போங்கள். ஆகஸ்ட் மட்டும்தான் லீவு என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் நான் போக மாட்டேன்.

## வெர்கோர்: கால் கேட்கும், பதிலுக்குக் கொடுக்கும்

மற்ற மூன்றும் தெற்கு வெயில். வெர்கோர் ஆல்ப்ஸின் முன்வாசல், பச்சை, ஈரம், பகல் இரண்டு மணிக்கு இடி. பாறைச் சுவரைக் குடைந்த சாலைகளுக்குப் பேர்போன இடம். அதில் உச்சம் கோம்ப் லவால். சேன்-ஜான்-ஆன்-ருவாயான் ஊரிலிருந்து 1,011 மீட்டர் உயரத்திலுள்ள மாஷீன் கணவாய்க்கு சுமார் 12 கி.மீ., சராசரி ஆறு சதவீதம். முதல் பகுதி சாதாரணக் காட்டுச் சாலைதான். மேலே போனதும் காடு முடிந்து சாலை நேராகச் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர், அதற்கு அப்பால் காற்று மட்டும். லாந்த் காட்டிலிருந்து மரம் இறக்குவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் போட ஆரம்பித்து 1898-இல் முடித்த சாலை இது. கையால் குடைந்த சுரங்கச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தால் உளி பட்ட தடம் தட்டுப்படும். இதை ஏறுங்கள், இறங்காதீர்கள். இறங்கும்போது கண் சாலையில் இருக்க வேண்டும், இங்கே கண் சாலையில் நிற்காது.

அடிவாரத்தில் போன்-ஆன்-ருவாயான், ஆற்றின் மேல் தொங்கும் வண்ண வீடுகள் உள்ள ஊர். அங்கிருந்து பூர்ன் ஆற்றின் மலையிடுக்கு தொடங்குகிறது. அதில் ஏறி, மேட்டுநிலக் கிராமங்களைத் தாண்டி, கோம்ப் லவால் வழியாகத் திரும்புவதுதான் வழக்கமான சுற்று (நான் சொன்னபடி கோம்ப் லவாலை ஏற வேண்டுமானால் இதையே திருப்பிச் சுற்றுங்கள்). வழக்கம் என்கிறேனே தவிர, என் முதல் முறை அது நடக்கவில்லை. காலைக் காபி குடித்துவிட்டு உற்சாகமாகக் கிளம்பினால் மஞ்சள் பலகை: "ரூத் பாரே". மேலே பாறை விழுந்திருக்கிறது, சாலை மூடல். சைக்கிள் தானே, நழுவிப் போய்விடலாம் என்று யோசித்தேன். பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் பேசாமல் ஆள்காட்டி விரலால் மேலே காட்டினார், சுவரில் கம்பிவலையைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு கல் தொங்கிக்கொண்டிருந்தது. ப்ரெல் கிராமத்துக்கு ஏறும் வளைவுச் சாலையில் திரும்பிவிட்டேன். மேலிருந்து பூர்னைப் பார்த்தேன், மாலையில் ராவியோல் என்கிற குட்டிப் பாஸ்தா தின்றேன், நாள் வீணாகவில்லை.

பூர்ன் சாலை இப்படி மூடப்படுவது அபூர்வம் இல்லை. போன்-ஆன்-ருவாயான் இருப்பது இசேர் மாவட்டம், கோம்ப் லவால் இருப்பது த்ரோம் மாவட்டம். கிளம்பும் முன் இரண்டு மாவட்டங்களின் சாலைத் தகவலையும் பாருங்கள். கிரான்-கூலே என்கிற இடுக்கைப் பற்றிப் பழைய பயணக் கட்டுரைகளில் புகழ்ந்திருப்பார்கள். அந்தச் சாலை 2005-இல் மூடப்பட்டது, 2008 முதல் சுரங்கப்பாதைதான். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இங்கே பெரிய ஆறுதல் ரயில். பாரிஸிலிருந்து வலான்ஸுக்கு அதிவேக வண்டி இரண்டேகால் மணி நேர அளவில். அங்கே கிரனோபிள் போகும் உள்ளூர் ரயிலுக்கு மாறினால் சேன்-இலேர் நிலையம். அங்கிருந்து போன்-ஆன்-ருவாயான் பதினைந்து கி.மீ.க்குள். காலை கிளம்பினால் மதியம் மலையில் இருக்கலாம். மூன்று நாள் லீவுக்கு இது ஒன்றுதான் பொருந்தும்.

மேலே வசியூ கிராமம் வழியாகப் போனால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1944 ஜூலையில் ஜெர்மானியப் படை கிளைடர்களில் வந்து இறங்கி அழித்த ஊர் இது, எதிர்ப்புப் போராளிகளின் கோட்டையாக இருந்ததால். கல்லறைத் தோட்டம் சாலையோரத்திலேயே இருக்கிறது.

## எங்கே போனாலும் கூட வரும் செலவுகள்

சைக்கிளைப் பிரித்துப் பையில் போட்டால் அதிவேக ரயிலில் அது லக்கேஜ். முழுசாக ஏற்ற வேண்டும் என்றால் அதற்கென இடம் உள்ள வண்டியில் முன்பதிவு செய்ய வேண்டும், அந்த இடங்கள் சீக்கிரம் தீரும். உள்ளூர் ரயில்களில் பொதுவாக இடமிருந்தால் அப்படியே ஏற்றலாம்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. பூச்செடிக்கு ஊற்ற வாசலருகே குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

மதியம் பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் மூன்று மணி வரை திறக்காது. திங்கட்கிழமை பேக்கரி மூடியிருக்கலாம், ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவுமே இருக்காது. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம்: தார்ன் பக்கம் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து ரப்பர் மாதிரி இழுக்கும் அலிகோ, வெர்கோரில் ஒரு நிமிடத்தில் வெந்துவிடும் பாலாடைக்கட்டி ராவியோல், அர்தேஷில் செஸ்ட்நட் கூழ். அந்தக் கூழ் பற்பசைக் குழாய் போலவும் கிடைக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் விலையுயர்ந்த எனர்ஜி ஜெல்லே வேண்டாம். என் நண்பர் ஒருவர் புளிசாதப் பொட்டலத்தோடுதான் மலை ஏறுவார். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

கோடையில் "கிராவியோன்" என்ற பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். தார் ஊற்றி மேலே பொடிக்கல் தூவிவிட்டு, கார் டயர்களே அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். இறக்க வளைவில் அது சோளப்பொரி மேல் போவது மாதிரி. சுரங்கங்களுக்காக சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். இரவிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டையும் சட்டப்படி வேண்டும்.

## கேட்ட மூவருக்கு

ஜெர்மனிக்காரருக்கு ஒரு வாரம் முழுசாக இருக்கிறது, சொந்தக் கார் இருக்கிறது. தார்ன். லெ ரோஸியேவில் நாலு இரவு, மெய்ருவேஸில் இரண்டு. கடைசி நாள் கால் மிச்சமிருந்தால் மோன் எகுவால் ஏறுங்கள், 1,500 மீட்டருக்கு மேல், காற்று தள்ளிவிடும்.

பாரிஸ்காரருக்கு வியாழன் முதல் ஞாயிறு வரைதான். வெர்கோர். சாலைத் தகவலை வியாழன் காலை பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர் குடும்பத்தோடு ஜூலையில் வருகிறார், சைக்கிள் வாடகைக்கு. அர்தேஷ், விடிகாலையில். வெர்தோனை அவர் ரொம்பவே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். ஒரு நாள் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அப்புறம், ஒரே ஒரு நாள்தான், கஷ்டமும் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பட்டியலில் இல்லாத நெஸ்க். வாந்தூ மலையின் காலடியில் இருப்பது. 2015 முதல் ஆவிஞோனிலிருந்து கார்பந்த்ரா வரை ரயில் ஓடுகிறது. அங்கிருந்து வீல்-சுர்-ஓசோன் ஊர் வரை திராட்சைத் தோட்டம், பிறகு இருபது கி.மீ. நீளத்துக்கு இரண்டு சதவீத அளவில், ஏறுகிறோமா இல்லையா என்றே தெரியாமல் 734 மீட்டர் காட்சிமேடைக்குக் கொண்டுபோய் விடும் சாலை. கார்கள் பெரும்பாலும் வேறு வழியில் சோ ஊருக்குப் போய்விடுவதால் பாறையில் தேனீ இரைவதுகூடக் கேட்கும். எதிரே நிற்கும் செங்குத்துப் பாறைக்குப் பெயரே தேன்மெழுகுப் பாறை. மிஸ்த்ரால் என்கிற பலத்த வடகாற்று அடிக்கும் நாளாகப் பார்த்துப் போகாதீர்கள், திரும்பும்போது எதிர்க்காற்றில் திராட்சைத் தோட்டமெல்லாம் இரண்டு மடங்கு நீளமாகிவிடும்.